அப்பத்தாவின் காதும் பேத்தியின் நிறமும்

வாசகர் கேள்வி: சரும மருத்துவர் பதில்

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வயது 49. வீட்டிலேயே தையல் தொழில். நீளமான கடிதம். ஆள் அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு 25 வயது. மதுரையில் விடுதியில் தங்கி, ஸ்கூட்டரில் போய்வந்து, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறார். வருகிற தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மதுரை டவுன். பூ வைத்த அன்று மாப்பிள்ளையின் அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒன்று, “போட்டோவுல பொண்ணு இன்னும் கொஞ்சம் கலரா தெரிஞ்சுச்சே.” இன்னொன்று பெண்ணின் அப்பத்தாவைப் பற்றி: “மண்டபத்துல வீடியோ ஓடுறப்ப பாட்டியைக் கொஞ்சம் பின்னாடி உட்கார வச்சிரலாம்.” அப்பத்தாவுக்கு 76 வயது. தோளைத் தொடும் வடிகாது, அதில் தண்டட்டி என்ற கனமான காதணி. அன்று இரவே தண்டட்டியைக் கழற்றித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டாராம். யாரிடமும் ஒன்றும் பேசவில்லையாம். “ஒரு நாள் வேலைதானே, காதைத் தைத்துவிடலாம்” என்கிறார் அவருடைய மகன், அதாவது கடிதம் எழுதியவரின் கணவர்.

மகள் 14 மாதமாக முகத்துக்கு ஒரு க்ரீம் போடுகிறார். பார்லர் அக்கா சொல்லி மெடிக்கலில் வாங்கியது. முதல் இரண்டு மாதம் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது வெயில் பட்டால் சிவந்து எரிகிறது, பரு வருகிறது, கன்னத்தில் பூனைமுடி அடர்ந்துவிட்டது, இரண்டு நாள் போடாவிட்டால் எரிச்சல் தாங்கவில்லை. கழுத்தில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கருப்பு. மாதவிலக்கும் சரியாக வருவதில்லை. அதே பார்லரில் இப்போது “வெள்ளையாக்கும் ட்ரிப்” போடச் சொல்கிறார்கள். கல்யாணத்துக்குள் பத்து முறை, பேக்கேஜ் விலை.

தன்னைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தான் கருப்பு என்பதால் தன் கல்யாணத்தில் பேசியதற்கு மேல் ஐந்து பவுன் கூடுதலாகக் கேட்டார்கள், அப்பா வயலை அடமானம் வைத்துப் போட்டார், அந்த நிலை மகளுக்கு வரக்கூடாது என்கிறார். “இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆரம்பிச்சு வச்சது” என்று தம்பி சொல்வாராம். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: “பையனுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. அவனுக்காவது நல்ல கலரான பொண்ணா அமையணும்.”

கேட்டிருப்பது மூன்று. மாமியாருக்குச் சர்க்கரையும் இதயத்துக்கான மாத்திரையும் இருக்கும்போது காதைத் தைக்கலாமா? ட்ரிப் போடலாமா? ஊரே இப்படி இருக்கையில் நான் மட்டும் வேண்டாம் என்று சொன்னால் மகள் வாழ்க்கை என்ன ஆகும்?

சகோதரி, உங்கள் மூன்று கேள்விக்கும் வருகிறேன். ஆனால் அவசரமாகச் சொல்ல வேண்டியது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றைப் பற்றி.

முதலில் அந்த ட்யூப்

நீங்கள் எழுதி அனுப்பிய க்ரீமில் மூன்று மருந்துகள் இருக்கின்றன: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு. மங்குக்கு இந்தக் கலவையை நாங்களே எழுதித் தருவதுண்டு, இரவில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும், இடையில் வரவழைத்துப் பார்த்து. 14 மாதம் தினசரி முகத்தில் போடும் பூச்சு இல்லை அது. மகளுக்கு இப்போது இருப்பது வெயில் ஒவ்வாமை என்று பார்லரில் சொன்னார்களாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அத்தனையும், அதாவது சிவப்பு, எரிச்சல், பரு, முடி, நிறுத்தினால் மோசமாவது, ஸ்டீராய்டால் மெலிந்துபோன தோலுக்கே உரியவை. முதல் இரண்டு மாதப் பளபளப்பும் அதே மருந்தின் வேலைதான். அதனால்தான் பலரால் விட முடிவதில்லை.

மெடிக்கலில் விற்கிறார்கள், அதனால் பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. தோலில் பூசும் ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மத்திய அரசு 2018-இல் அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

இந்த வாரமே ஒரு சரும மருத்துவரிடம் காட்டுங்கள். தனியாரிடம் போக வசதிப்படாவிட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. க்ரீமை எப்படி நிறுத்துவது, படிப்படியாகக் குறைப்பதா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நிறுத்தியதும் சில வாரங்கள் முகம் இப்போது இருப்பதைவிட மோசமாகத் தெரியும். பயந்துபோய் மறுபடி அதையே எடுத்துப் போட்டுவிடக்கூடாது. ஃபேஷியல், ப்ளீச், ஸ்க்ரப், எலுமிச்சம்பழம், கடலைமாவு எல்லாவற்றுக்கும் விடுமுறை கொடுங்கள். தைக்குள் முழுவதும் சரியாகிவிடும் என்று நான் உறுதி தர மாட்டேன். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

பார்லரில் லேபிள் இல்லாத டப்பாவில் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அடையாளமில்லாத சில வெள்ளையாக்கும் க்ரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது தோலோடு நிற்பதில்லை. கேரளத்தில் மலப்புரம் பகுதியில் 2021 முதல் 2023 வரை சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோயோடு வந்த சிலரை விசாரித்தபோது, பொதுவாக இருந்தது அவர்கள் பூசிய சிவப்பழகு க்ரீம்தான் என்று மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

அப்புறம் அந்தக் கழுத்து. தேய்க்காதீர்கள், அது அழுக்கு இல்லை. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணி மாதிரித் தடித்துக் கருப்பாவது பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அப்பத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மகளுக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லை, எடை கூடியிருக்கிறது என்கிறீர்கள். சர்க்கரை, தைராய்டு பரிசோதனையும், தேவைப்பட்டால் சினைப்பைக்கு ஸ்கேனும் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் உங்கள் மகள் உடம்பில் உண்மையாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நிறம் பற்றிய கவலையில் இது ‘கருப்பு’ என்ற ஒரே கணக்கில் சேர்ந்து மறைந்துபோயிருக்கிறது.

ட்ரிப் போடலாமா

வேண்டாம். அதில் இருப்பது குளுட்டதயோன். நம் கல்லீரல் தானே தயாரிக்கும் ஒரு பொருள்தான், அதனால் இயற்கையானது என்று சொல்லி விற்கிறார்கள். நரம்பில் மொத்தமாக ஏற்றுவது இயற்கையில் எங்கும் நடப்பதில்லை. நிறத்தை மாற்றுவதற்கு ஊசியாகப் போட இதற்கு இந்தியாவில் அனுமதி கிடையாது. பிலிப்பைன்ஸில் இந்த மோகம் நமக்கு முன்பே பரவியது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இலேயே எச்சரிக்கை விடுத்தது. கடுமையான ஒவ்வாமை, தோல் உரியும் ஆபத்தான நோய், கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு என்று பட்டியல் நீளம். நிறம் கொஞ்சம் மாறினாலும் நிறுத்தினால் திரும்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு பார்லரில் நரம்பில் ஊசி ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. மூச்சு அடைத்தால் காப்பாற்ற அங்கே என்ன இருக்கிறது?

எவ்வளவு நிறம் கூட்ட முடியும் என்று கேட்டால், ஒரு எளிய அளவுகோல் சொல்கிறேன். மகளின் மேல்கையின் உட்புறத்தைப் பாருங்கள். அதுதான் வெயில் படாத அவருடைய சொந்த நிறம். ஸ்கூட்டர் வெயிலால் முகத்தில் ஏறிய கருமையை நல்ல சன்ஸ்க்ரீனும் துப்பட்டாவும் பொறுமையும் அந்த நிறத்துக்குக் கொண்டுவரும். அதைத் தாண்டி எந்த க்ரீமும் நிலையாகக் கொண்டுபோகாது. நிறமி தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை கருப்பாக இருப்பவருக்கும் வெள்ளையாக இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கும் நிறமியின் அளவும் வகையும் பரம்பரையில் வருகின்றன. அந்த நிறமிதான் நம் ஊர் வெயிலில் தோலைப் புற்றிலிருந்து காக்கிறது. கர்ப்பத்தில் குங்குமப்பூ குடித்தால் குழந்தை சிவப்பாகும் என்பதையும் இப்போதே விட்டுவிடுங்கள், அடுத்து அந்தப் பேச்சுதான் வரும்.

அப்பத்தாவின் காது

மருத்துவ ரீதியாகச் சுலபமான பதில். தைக்கலாம். காது மடல் மரத்துப்போக மட்டும் ஊசி போட்டு, தொங்கும் பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைச் சேர்த்துச் சின்ன மடலாக அமைப்பார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு வாரம், பத்து நாளில் தையல் பிரிப்பார்கள். மறுபடி காது குத்த மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும், அதுவும் தழும்பின் மேல் குத்தாமல் தள்ளிக் குத்த வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். காதில் தழும்பு தடித்து வளர்வதும் நம் நிறத்தவர்களிடம் கூடுதல். 76 வயது தடையில்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. அவரை யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் கணவர் பேசுகிறார், மாப்பிள்ளையின் அக்கா பேசுகிறார். காதுக்குச் சொந்தக்காரர் தண்டட்டியைக் கழற்றியதோடு சரி. அது சம்மதம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் போல. சுயநினைவோடு இருக்கும் ஒரு பெரியவருக்காக மகனோ மருமகளோ கையெழுத்துப் போட முடியாது. 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. மயக்கத்தில் இருந்த 44 வயது மகளுக்காகத் தாய் கொடுத்த ஒப்புதல், கூடுதலாகச் செய்த அறுவை சிகிச்சைக்குச் செல்லாது என்றது. அங்கே தாயே மகளுக்காகச் சொல்ல முடியவில்லை. உங்கள் கணவர் சொல்வதும் அப்படித்தான்.

அவரே விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். சில பாட்டிகள், “கனமா இருக்கு, சேலையில மாட்டி இழுக்குது, தச்சு விட்ருங்கம்மா” என்று தாங்களே கேட்டு வருவார்கள். அது நியாயமான காரணம். ஆனால் ஒரு விஷயத்தை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒருமுறை வெட்டினால் அந்தக் காது திரும்பாது. பீரோவில் இருக்கும் தண்டட்டியை அவர் மறுபடி போட முடியாது.

அந்தக் காது எப்படி வந்தது என்று உங்கள் மகளுக்குத் தெரியுமா? கைக்குழந்தையாக இருக்கும்போது காதைக் குத்தி, பஞ்சு வைத்துத் துளையை அகலமாக்கி, பிறகு ஈயக் குணுக்கை மாட்டி, எடையைக் கூட்டிக் கூட்டித் தோள்வரை வடிய வைப்பார்கள். வலி, சீழ், வேப்பெண்ணெய், எல்லாம் உண்டு. காது வடியாத பெண்ணைக் கேலி செய்த காலம் அது. பெற்ற தாயே அழும் பிள்ளையைப் பிடித்து வைத்துக் குணுக்கு மாட்டினாள் என்றால், கொடுமைக்காரி என்று அர்த்தமில்லை. நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற அதே பயம்தான், இப்போது உங்களுக்கு இருப்பது. கோயில் கற்சிலைகளைப் பாருங்கள், சாமிகளுக்கும் வடிந்த காதுதான்.

பிறகு பள்ளிக்கூடம், பட்டணத்து வேலை, சின்னத் தோடு என்று காலம் மாறியது. அதே காதைத் ‘தொள்ளைக் காது’ என்றார்கள். குணுக்கு மாட்டி வளர்த்த பெண்களையே கல்யாணத்துக்கு முன் கூட்டிக்கொண்டுபோய் காதறுத்துத் தைத்து வந்த குடும்பங்கள் மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கம் நிறைய. உங்கள் மாமியார் தைக்காமல் விட்டவர்களில் ஒருவர். ஒரே மனுஷி, ஒரே காது, குழந்தையில் அதற்காகக் கொஞ்சினார்கள், முதுமையில் அதற்காகப் பின்வரிசைக்குப் போகச் சொல்கிறார்கள். பச்சை குத்திய கதையும் இதேதான். அப்பத்தா கையில் இருக்கும் கோலத்தை நாட்டுப்புறம் என்று சிரித்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று பணம் கொடுத்து டாட்டூ போட்டுக்கொள்கிறார்கள். அதையே லேசரில் அழிக்கவும் என்னிடம் வருகிறார்கள், முக்கியமாகப் பெயர் எழுதியவர்கள்.

வெள்ளைக்காரன் ஆரம்பித்ததா

உங்கள் தம்பி சொல்வது பாதி சரி. ஆண்டவர்களின் நிறம் உயர்ந்த நிறமாகத் தெரிந்ததில் வெள்ளையர் ஆட்சிக்குப் பங்கு உண்டு. ஆனால் அவர்கள் கால் வைக்கும் முன்பே சீனாவிலும் ஜப்பானிலும் வெளுத்த முகம் அழகு என்று கருதப்பட்டது. ஐரோப்பாவிலும் வெளிறிய தோல்தான் சீமாட்டிக்கு அழகு. காரணம் எளிது. வெயிலில் நின்று வேலை செய்தவர்கள் கருத்தார்கள், நிழலில் உட்கார்ந்து தின்றவர்கள் கருக்கவில்லை. தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் அடைபட்ட பிறகு அங்கே கணக்கு தலைகீழானது. 1920-களிலிருந்து கடற்கரையில் போய்ப் படுத்துக் கருத்து வருவது வசதியானவர்களின் அடையாளமாகிவிட்டது. நம் ஊரில் நடவும் களையெடுப்பும் செங்கல் சூளையும் இன்னும் வெயிலில்தான் நடக்கின்றன. அதனால் இங்கே நிறம் இன்னும் உழைப்பின் மேல் போட்ட முத்திரையாக இருக்கிறது. சாதியும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறோம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள் இரண்டு நிறத்தில் இருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே அப்படிச் செய்கிறோம்.

நம் பழம்பாட்டில் நிலைமையே வேறு. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்கு மாமை என்று பெயர், மாந்தளிரின் மினுமினுப்போடு கூடிய கருமை. பிரிவில் அது வெளுத்துப் பசலை படர்ந்தால் அழகு போயிற்று என்று பொருள். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடிய ஒரு பெண், கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பசும்பாலைப் போல, என் மாமை எனக்கும் ஆகாமல் என்னவனுக்கும் உதவாமல் பசலைக்குத் தீனியாகிறதே என்று புலம்புகிறாள். வெளுத்துப்போகிறேனே என்று அழுகிறாள், கவனியுங்கள். அக்காலத்தில் கருப்புக்கு மட்டுமே மதிப்பு என்று சொல்ல வரவில்லை, பொன் போன்ற மேனி என்ற புகழ்ச்சியும் அதே பாடல்களில் உண்டு. ஒற்றை நிறத்தில் அழகை அடைக்கவில்லை என்பதே செய்தி. மதுரைக்காரர்களான நாம் மீனாட்சியைப் பச்சை நிறத்தாள் என்று போற்றிக் கும்பிட்டுவிட்டு, அவள் சன்னதியிலேயே நின்று சிவப்பான மருமகள் வேண்டும் என்று கேட்கிறோம். அம்மனுக்குச் சங்கடமாக இருக்காதா?

கடைசியாக வந்து சேர்ந்தது வியாபாரம். இந்தியாவின் பெயர்பெற்ற சிவப்பழகு க்ரீம் சந்தைக்கு வந்தது 1975-இல். கருத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, க்ரீம் போட்டதும் இரண்டும் கிடைக்கும் என்று வருடக்கணக்கில் டிவியில் கதை சொன்னார்கள். நிறத்தை வைத்து யாரையும் தாழ்த்திக் காட்டக்கூடாது என்று விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் அந்த க்ரீமின் பெயரிலிருந்து சிவப்பழகு என்ற சொல்லே போய்விட்டது. ஆனால் கல்யாணத் தரகர் நோட்டில் ‘நிறம்’ என்ற கட்டம் அப்படியே இருக்கிறது.

ஊரே இப்படி இருக்கும்போது

இதுதான் உங்கள் கேள்வியில் கனமானது. நிறம் முக்கியமில்லை, மனசுதான் அழகு என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். அடமானம் வைத்த வயலைப் பார்த்தவர் நீங்கள். கருப்பாக இருப்பதற்கு இங்கே விலை இருக்கிறது, அந்த விலையைப் பவுனில் வாங்கினார்கள்.

சீனாவில் பெண்குழந்தைகளின் பாதத்தை மடக்கிக் கட்டிச் சின்னதாக்கும் வழக்கம் பல நூறு ஆண்டுகள் இருந்தது. எலும்பு முறிந்த அந்தக் கால்தான் அழகு, அது இல்லாவிட்டால் வரன் இல்லை. கொடுமை என்று எல்லாத் தாய்க்கும் தெரியும். ஆனால் தன் மகளுக்கு மட்டும் கட்டாமல் விட்டால் அவள்தான் கரையேற மாட்டாள் என்று எல்லாரும் கட்டினார்கள், நீங்கள் கேட்பதைப் போலவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சில குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து இரண்டு உறுதி எடுத்தார்கள். எங்கள் மகள்களுக்குக் கட்ட மாட்டோம். கட்டிய காலுள்ள பெண்ணை எங்கள் மகன்களுக்கு எடுக்க மாட்டோம். இரண்டாவது உறுதிதான் வேலை செய்தது. கட்டாத காலுக்கும் மாப்பிள்ளை உண்டு என்று ஆனதும் பயம் போய்விட்டது. நூற்றாண்டுகளாக நின்ற வழக்கம் பல இடங்களில் ஒரே தலைமுறையில் சரிந்தது. 1912-இல் அரசும் தடை போட்டது.

அதனால்தான் உங்கள் கடைசி வரியில் என் கண் நின்றது. மகனுக்குக் ‘கலரான பொண்ணு’ தேடப் போகிறீர்கள். மகளுக்காக நீங்கள் பயப்படும் அந்த ஊர் யார் யாரால் ஆனது என்று யோசித்தால், மூன்று வருடம் கழித்து அதில் நீங்களும் ஒருவர். கோபித்துக்கொள்ளாதீர்கள். மாப்பிள்ளையின் அக்காவை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, தரகரிடம் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

இந்தத் தை மாதக் கல்யாணத்துக்கு வருவோம். உங்கள் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று ஒரு வரி கூட இல்லை. உங்கள் மகள் என்ன நினைக்கிறார் என்பதும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதானே இருப்பார்கள்? மகளைக் கேளுங்கள். அக்கா சொன்னது அவருடைய வாய்த்துடுக்கு மட்டும்தானா, அந்த வீட்டின் எண்ணமா என்பது அதில் தெரிந்துவிடும். மாப்பிள்ளைக்கு மகளை அப்படியே பிடித்திருந்தால், க்ரீம் நிறுத்தியதால் முகம் கொஞ்ச நாள் சிவந்திருக்கும் என்பதையும் மகளே அவரிடம் சொல்லிவிடலாம். மண்டபத்தில் வந்து ஆச்சரியப்படுவதைவிட அது நல்லது. மேக்கப் போடுபவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள், மகளின் நிறத்துக்கே பொருந்தும் ஷேடு போடச் சொல்லுங்கள். நாலு ஷேடு கூட்டிப் போட்டால் முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் வேறு நிறம் என்று வீடியோவில் சாம்பல் பூத்துத் தெரியும்.

மாறாக, நிறத்தைச் சாக்காக வைத்து நகையோ பணமோ கூடுதலாகக் கேட்டால், அது வரதட்சணைக் கேட்பு. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதே குற்றம், வாங்கிய பிறகுதான் குற்றம் என்று இல்லை. கொடுப்பதும் குற்றம் என்பதை மறந்துவிடாதீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை, அந்த நிலை வந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் வழிகாட்டுவார்கள். இடம் தட்டிப்போகுமே என்ற பயம் புரிகிறது. பத்திரிகை அடிக்கும் முன்னால் தட்டிப்போவதற்கும் கல்யாணமாகி ஆறு மாதத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மகள் வாசலில் வந்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது கேட்டது ஒரு கிண்டல் மட்டும்தான். அதற்காக நல்ல சம்பந்தத்தை முறிக்கச் சொல்லவும் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது ஒருவர், அல்லது நீங்களே, மாப்பிள்ளையின் அம்மாவிடம் நேரில் சொல்லலாம்: “எங்க அத்தை முன்வரிசையிலதான் உட்காருவாங்க. வீட்டுக்கு மூத்தவங்க.” சண்டை தேவையில்லை. அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள், மகள் போகப்போகும் வீடு அது.

அதற்கு முன்னால் கணவரை உட்கார வைத்துப் பேசுங்கள். தன் தாயின் காதை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். ஒரு விருந்தாளி சிரித்ததும் அது அவருக்குக் குறையாகத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அத்தையிடம் இருவரும் சேர்ந்து கேளுங்கள், தண்டட்டியைப் போட்டுக்கொள்கிறீர்களா, தைத்துக்கொள்ள ஆசையா, இரண்டும் இல்லாமல் அப்படியே விடுவோமா என்று. தைப்பது என்று முடிவானாலும் தைக்குள் அவசரப்படாதீர்கள். கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைப் பார்த்து, இதய மருத்துவரின் ஒப்புதலும் வாங்கி, கல்யாணம் முடிந்த பிறகு நிதானமாகச் செய்யலாம். அரசு இராசாசி மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை (பிளாஸ்டிக் சர்ஜரி) பிரிவும் உண்டு.

மகளைச் சரும மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது ட்யூப், சோப்பு, ஃபேஸ்வாஷ், பார்லர் டப்பா என்று முகத்தில் படும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். க்ரீம் போட ஆரம்பிக்கும் முன் எடுத்த போட்டோ ஒன்று இருந்தால் அதையும் காட்டுங்கள், அன்றைய தோல் எப்படி இருந்தது என்று பார்த்தால் சிகிச்சைக்கு உதவும். பார்லருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டாலும் பரவாயில்லை, ஊசிக்கு மட்டும் கையை நீட்ட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.